பழனி மலையின் குள்ளர்கள்: இல்லாத ஒரு இனமும் அவர்கள் பெயரில் நிற்கும் வீடுகளும்

பழனி மலைத் தொடரில் தாண்டிக்குடி, மச்சூர், பேத்துப்பாறைப் பக்கம் பாறை மேடுகளில் சில கல் அறைகள் நிற்கின்றன. மூன்று பக்கமோ நான்கு பக்கமோ பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரே ஒரு பெரிய கல்லைக் கூரையாக ஏற்றியிருப்பார்கள். உயரம் பெரும்பாலும் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. உள்ளே நுழைவதென்றால் தவழ வேண்டும். யார் கட்டியது என்று கேட்டால் மலையில் கிடைக்கிற பதில், குள்ளர்கள். பேத்துப்பாறையில் சுற்றுலா வருகிறவர்கள் தேடிப் போகும் இடத்துக்குப் பெயரே குள்ளர் குகை.

அந்தக் குள்ளர்களைப் பற்றி மலை சொல்லும் வரலாறு சுருக்கமானது. முழ உயரமே உள்ள மனிதர்கள் முன்னொரு காலத்தில் இங்கே இருந்தார்கள். ஆள்தான் சிறிது, பலம் யானை பலம். பத்துப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியாத கல்லை அவர்கள் சாதாரணமாகத் தூக்கி வைத்துவிடுவார்கள். தங்கள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்புறம் ஒரு காலத்தில் இல்லாமல் போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. நெருப்பு மழை பெய்தது என்றும், அதிலிருந்து தப்பிக்கவே கல்லால் வீடு கட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு.

இந்தக் கதையை நான் மதிக்கிறேன். யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராமல், ஒரு விசித்திரமான பொருளைப் பார்த்து, அதற்கு ஒரு காரணத்தை யோசித்துச் சொன்ன கதை அது. அதனாலேயே அதை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். குள்ளர் என்று ஒரு இனம் இருந்ததில்லை. ஆனால் அப்படி ஒரு இனம் ஏன் தேவைப்பட்டது, அதை உருவாக்கியதால் யார் மறைந்து போனார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த மலையிலேயே பதில் இருக்கிறது.

பெயர் இல்லாத மக்கள்

நம் கிராமத்துத் தெய்வக் கதைகளோடு குள்ளர் கதையை ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். மதுரை வீரனுக்கும் காத்தவராயனுக்கும் பெயர் இருக்கிறது, பிறந்த கதை இருக்கிறது, காதல் இருக்கிறது, செத்த காரணம் இருக்கிறது. கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெண்ணுக்குப் பூசை வைக்கும் குடும்பம்கூட அவள் யார் வீட்டுப் பெண், யார் என்ன சொன்னதால் விழுந்தாள் என்று மூன்று தலைமுறைக்குப் பிறகும் சொல்லும். செத்தவர்களை நினைவில் வைப்பதில் தமிழர்கள் அவ்வளவு கெட்டி.

குள்ளர் கதையில் அப்படி எதுவும் இல்லை. ஒரு ராஜா பெயர் இல்லை. ஒரு சாமி பெயர் இல்லை. யாரோடும் சண்டை போடவில்லை, யாருக்கும் பெண் கொடுக்கவில்லை, வாரிசு என்று யாரும் இல்லை. நான் அறிந்த எல்லா வடிவத்திலும் இந்த இனத்துக்கு இருப்பது மூன்றே விஷயம்: உயரம், பலம், வீடு. மூன்றுமே அந்தக் கல் அறையைப் பார்த்த மாத்திரத்தில் தோன்றக்கூடியவை. அறை சிறியது, ஆகவே ஆள் சிறியவன். கல் பெரியது, ஆகவே பலசாலி. ஆள் இப்போது இல்லை, ஆகவே அழிந்து போனான். இதை வழிவழியாக வந்த நினைவு என்று சொல்ல முடியாது. நினைவு அறுந்து போன பிறகு, கல்லைப் பார்த்து உண்டாக்கிய கதை.

அதில் உயரம் கம்மி என்பதும் பலம் அதிகம் என்பதும் ஒன்றாகச் சேர்ந்தது எப்படி? இங்கேதான் தமிழ் மனம் தெரிகிறது. நமக்குக் குள்ளம் ஒருபோதும் பலவீனத்தின் அடையாளமாக இருந்ததில்லை. சிவன் கல்யாணத்துக்கு உலகமே வடக்கே திரண்டு பூமி சாய்ந்தபோது, அதைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் குறுமுனி அகத்தியர். மூன்றடி மண் கேட்டு உலகை அளந்தவன் வாமனன். பழனிக்கு இது இன்னும் நெருக்கம். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் அகத்தியருக்காக இடும்பன் காவடியாகத் தூக்கி வந்தான் என்பதுதான் அந்தத் தலத்தின் கதையே. குட்டையான முனிவர் ஒருவரின் சொல்லுக்கு மலை இடம் பெயர்ந்த ஊரின் தலைக்கு மேலே இருக்கிற மலையில், முழ உயர மனிதர்கள் இரண்டு டன் கல்லைத் தூக்கினார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு அது அந்நியமாகப் படாது.

வாலகில்லியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டைவிரல் அளவே உள்ள அறுபதாயிரம் முனிவர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பலாச இலைக் காம்பைச் சுமந்து வந்து, பசுவின் குளம்படியில் தேங்கிய நீரில் தத்தளித்தபோது இந்திரன் சிரித்தான். வேறொரு இந்திரனையே உண்டாக்குகிறோம் என்று அவர்கள் வேள்வி தொடங்கியதும் நடுங்கிப் போய்க் காசியபரிடம் ஓடினான். அந்த வேள்வியின் பலனாகத்தான் கருடன் பிறந்தான் என்று பாரதத்தின் ஆதி பருவம் சொல்கிறது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

ஒரே கல், பல சொந்தக்காரர்கள்

இதே மாதிரிக் கல் அறைகளுக்கு வேறு இடங்களில் வேறு சொந்தக்காரர்கள். மலைக்கு மேற்கே கேரளப் பக்கம் மறையூரில் இவை முனியறைகள், முனிவர்கள் தவம் செய்த இடங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பாண்டவர் வீடு, பாண்டவர் குழி. வனவாசத்தின்போது அஞ்சு பேரும் தங்கிய இடம் என்பார்கள். கன்னட நாட்டில் மோரியர் வீடு. அந்த மோரியரும் பல ஊர்க் கதைகளில் குள்ளமானவர்கள்தான். நீலகிரியின் கல் திட்டைகள் சிலவற்றுக்கும் மோரியர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குள்ளர், முனிவர், பாண்டவர், மோரியர் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்த ஊரும் "எங்க பாட்டன் கட்டியது" என்று சொல்லவில்லை. எல்லாக் கதையிலும் கட்டியவர்கள் வெளியாட்கள். ஒன்று, மனித உயரத்துக்குக் கீழே இருக்கிறார்கள். அல்லது மனித நிலைக்கு மேலே இருக்கிறார்கள். நடுவில், நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் இருந்திருக்கலாம் என்ற இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது.

இதைக் கிராமத்து மக்களின் அறியாமை என்று ஒதுக்க முடியாது. படித்தவர்களும் இதையேதான் செய்தார்கள். 1847இல் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி நீலகிரியின் கல்வட்டங்களைப் பற்றி எழுதியபோது, அவற்றை அந்த மலைக்குடிகளில் ஒன்றான தோடர்களோடு சேர்த்து, அந்தத் தோடர்களையே எங்கோ வடக்கிலிருந்து வந்த சிதியர் என்ற நடு ஆசிய நாடோடி இனத்தின் வழியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மலையின் பழம்பொருளுக்குச் சொந்தம் தேடக் கடல் தாண்டி, பாலைவனம் தாண்டிப் போனார். கையெட்டும் தூரத்தில் இருந்த மற்ற மலைமக்களும் அடிவாரத்து மக்களும் அவர் கண்ணில் படவே இல்லை.

அறைக்குள் இருந்தது என்ன

சரி, உண்மையில் இவை என்ன? தொல்லியலில் இவற்றைப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் என்பார்கள், அதாவது செத்தவர்களுக்குப் பெரிய கற்களால் சின்னம் எழுப்பிய காலத்தவை. தரைக்கு மேலே நிற்பது கல்திட்டை. தரைக்குள் பலகைக் கற்களால் பெட்டி போல அமைத்தது கல்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியது கல்வட்டம். பெரிய பானைக்குள் வைத்துப் புதைத்தது தாழி. பழனி மலையில் கல்திட்டைகள் கண்ணில் அதிகம் படுவதற்குக் காரணம் எளிது. அவற்றில் பல மொட்டைப் பாறையின் மேலேயே நிற்கின்றன. தோண்டுவதற்கு அங்கே மண் இல்லை, நிறுத்துவதற்குக் கல் நிறைய இருக்கிறது. வெயிலிலும் பனியிலும் பாறை தானாகவே ஏடு ஏடாகப் பிரிந்து வரும் நிலம் அது. அப்படிப் பிரிந்த ஏட்டைத் தீ மூட்டிச் சூடாக்கி, நெம்பி எடுத்தால் பலகைக் கல் தயார்.

பழனி மலைக் கல்திட்டைகளை முதலில் முறையாகப் பதிவு செய்தவர்கள் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலேட், நியூட்டன் இருவரும். அவர்களின் ஆய்வை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை தன் நினைவேட்டு வரிசையில் 36ஆவது நூலாக வெளியிட்டது. கொடைக்கானலுக்குப் போகும் வழியில் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் அவர்கள் காலத்தில் சேகரித்த பொருட்களை இன்றும் பார்க்கலாம். கொடைக்கானல் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரி, தூண் பாறை என்று போய்விட்டு வருகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி இங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி அந்த உயரக் கேள்வி. ஆளை நீட்டிப் படுக்க வைக்கக்கூட முடியாத அறையில் எப்படிப் புதைத்தார்கள்? பல இடங்களில் முழு உடலைப் புதைக்கவே இல்லை. செத்தவர் உடலை முதலில் வேறிடத்தில் எரித்தோ, திறந்த வெளியில் விட்டோ, தற்காலிகமாகப் புதைத்தோ வைத்திருந்து, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பானைகள், இரும்புக் கருவிகள், மணிகளோடு இந்த அறைக்குள் வைத்தார்கள். இரண்டாம் நிலை ஈமம் என்பார்கள். எலும்புக்கு இடுப்பளவு அறை தாராளம். சில திட்டைகளிலும் பதுக்கைகளிலும் ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். இடுதுளை என்பது அதன் பெயர். அடுத்தடுத்துச் செத்தவர்களின் எலும்பையோ படையலையோ உள்ளே வைக்க அது வசதி. ஒரே அறையில் பலர் எலும்பு கிடைப்பதும் அதனால்தான். ஒரு குடும்பத்தின், ஒரு குலத்தின் பொது அறையாக அது இருந்திருக்க வேண்டும். ஈமப் பொருட்களோடு கைக்குள் அடங்கும் சிறு பானைகளும் கிடைப்பதுண்டு. அவற்றைப் பார்த்தவர்களுக்கு, "இது குள்ளர்கள் புழங்கிய சாமான்" என்று தோன்றியிருந்தால் அதிலும் ஆச்சரியமில்லை.

தென்னிந்தியப் பெருங்கற்கால எலும்புகளை உடல் மானிடவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கென்னத் கென்னடி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இல் தென்னிந்தியா, இலங்கை இரண்டிலும் கிடைத்த எலும்புகளை வைத்து ஒரு நூலே எழுதினார். குள்ள இனம் எதுவும் அவற்றில் இல்லை. நம்மைப் போல வளர்ந்த, நம்மைப் போல நோய்ப்பட்ட மனிதர்கள்தான்.

பலத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மூடுகல் என்று வைத்துக்கொள்வோம். கருங்கல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். அப்படியானால் இந்த ஒரு கல்லே இரண்டு டன்னுக்கு மேல். மரத் தண்டுகளைக் கட்டி 50 பேர் தோள் கொடுத்தால் ஆளுக்கு 43 கிலோ வரும். மேட்டில் ஏற்றுவதற்கு மண்ணால் ஒரு சரிவும், நெம்புகோலும் இருந்தால் இன்னும் குறைவான ஆட்கள் போதும். யானை பலம் வேண்டியதில்லை. வேண்டியது 50 ஆட்கள், அவர்களுக்குச் சோறு, எங்கே பிடிக்க வேண்டும் எப்போது தூக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள். கல் தூக்க 50 ஆண்கள் கூடினார்கள் என்றால், பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரையும் சேர்த்து இருநூறு பேராவது செத்தவரைத் தன்னவர் என்று நினைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில்தான் எனக்கு அந்த மக்கள் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஒரு சாவுக்கு அத்தனை பேர் சேர்ந்து வேலை செய்த சமூகம் அது.

அடிவாரத்தில் பொருந்தல்

மலைமேல் கிடைத்த பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு காலம் சொல்வது கஷ்டம். பாறை மேல் திறந்து கிடந்த அறைகளைப் புதையல் தேடுகிறவர்கள் எப்போதோ குடைந்துவிட்டார்கள். ஆனால் அடிவாரம் பேசுகிறது. பழனிக்குத் தென்மேற்கே மலையை ஒட்டிப் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடந்தது. ஒரு ஈமக் குழியில் நான்கு கால் சாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில் ஒரு பிரிமனையில் 'வயிர' என்று தமிழ்-பிராமியில் எழுதியிருந்தது. நெல்லைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் கிடைத்தது. அங்கே கண்ணாடி மணிகள் செய்த தடயங்களும் கிடைத்தன.

அதாவது இன்றைக்குச் சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன், இந்த மலையின் காலடியில் நெல் விளைவித்து, பானையில் எழுத்துப் பொறித்து, மணி கோத்து, செத்தவருக்குச் சோற்றுக்கு நெல் வைத்து அனுப்பிய மக்கள் இருந்தார்கள். அதே ஈம மரபின் கல் அறைகள் மலைமேலும் இருக்கின்றன. சங்கப் பாடல்கள் பொதினி என்று சொல்லும் பழனி, ஆவியர் குலத் தலைவர்களின் ஊர். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்தக் குலம்தான். மலைச்சரக்கு கீழே இறங்கவும் கீழ்நாட்டுப் பொருள் மேலே ஏறவும் இந்த மலைப் பாதைகள் வழியாக இருந்தன. பேகனின் முன்னோர்கள்தான் இந்த அறைகளைக் கட்டினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. யாரும் இல்லாத வெற்று மலையில் மர்மமாக முளைத்த வீடுகள் இல்லை இவை என்பதுதான் சொல்ல வந்தது.

இந்த ஈம முறைகள் சங்க காலத்தவருக்கு மர்மமாகவே இருக்கவில்லை. பரல் கற்களைக் கொண்டு பதுக்கை அமைத்து, கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல் நட்டதைப் புறநானூற்றின் 264ஆம் பாடல் கண்ணால் பார்த்தது போலச் சொல்கிறது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்னும் உருக்கமானது. இவ்வளவு பெரிய மனிதனைக் கவிக்கத் தாழி செய்ய வேண்டுமானால் நிலத்தையே சக்கரமாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, உன்னால் முடியுமா என்று கேட்டார். மணிமேகலை இன்னும் தெளிவு. சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஐந்து வகையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்தில் ஒரு சுடுகாட்டுக்குப் போனவருக்கு இது எல்லாமே தெரிந்த விஷயம்.

நடுவில் எங்கோ இது மறந்தது. ஈம முறை மாறியது, ஊர்கள் இடம் பெயர்ந்தன, புதுக் குடிகள் மலையேறி வந்தன. மறந்த இடத்தில் கதை முளைத்தது. சமவெளியில் தாழியைப் பற்றிச் சொல்லும் கதை இதற்கு நல்ல சாட்சி. முன்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராது, வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போவார்கள், கடைசியில் குழந்தை அளவுக்கு ஆனதும் விளக்கு மாடத்தில் உட்கார வைப்பார்கள், அதற்கும் மேல் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் தாழிக்குள் உட்கார வைத்துச் சோறும் தண்ணீரும் வைத்துப் புதைத்துவிடுவார்கள் என்பார்கள். தாத்தா பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். மலைக்கதையும் சமவெளிக் கதையும் ஒரே புதிரை அவிழ்க்கப் பார்க்கின்றன. இவ்வளவு சின்ன இடத்துக்குள் எப்படி ஒரு ஆள்? மலை, ஆளே சின்னவன் என்றது. சமவெளி, ஆள் சின்னவனாக ஆகிப்போனான் என்றது. ஆனால் சமவெளிக் கதையில் தாழிக்குள் இருப்பது நம் கிழவன், நம் கிழவி. முதுமக்கள் தாழி என்ற சொல்லிலேயே அந்த உறவு இருக்கிறது. கதை தவறாக இருந்தாலும் செத்தவரை அது கைவிடவில்லை. குள்ளர் கதை கைவிட்டுவிட்டது. இரண்டில் எது எனக்குப் பிடித்தது என்று கேட்டால் தயங்காமல் தாழிக் கதையைத்தான் சொல்வேன்.

நீலகிரியில் நின்று போகாத மரபு

எலும்பைப் பிற்பாடு எடுத்து வைக்கும் வழக்கம் புத்தகத்தில் மட்டும் இருப்பது என்று நினைத்தால், வடக்கே நீலகிரியைப் பார்க்க வேண்டும். கோத்தர்களிடம் இரண்டு சாவுச் சடங்குகள் உண்டு. இறந்தவுடன் செய்வது பச்சைச் சாவு. எரித்த பிறகு மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்து, பிறகு அந்தக் காலத்தில் இறந்த எல்லோருக்கும் சேர்த்துச் செய்வது வறட்டுச் சாவு. அது முடிந்தால்தான் செத்தவர் முழுசாக விடைபெற்றதாக அர்த்தம். தோடர்களிடமும் இதே மாதிரி இரண்டு சடங்குகள் இருந்தன. முதல் சடங்கில் எடுத்து வைத்த முடிக்கற்றையும் மண்டை எலும்பும் இரண்டாவது சடங்குவரை காத்திருக்கும். அதன் சாம்பலைக் கல் வட்டத்துக்குள் புதைப்பார்கள். இவர்கள் பெருங்கற்கால மக்களின் நேர் வாரிசு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் உடல் ஒரு தடவை, எலும்பு ஒரு தடவை என்று இரண்டு முறை விடைகொடுக்கும் மனம் இந்த மலைகளுக்குப் புதிதில்லை என்று சொல்ல முடியும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1872இல் அவர் இறந்தார். மலையின் மக்களையும் பழஞ்சின்னங்களையும் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள், எருமையும் மயிலும் குதிரையும் மூடிமேல் நிற்கும் மண்கலங்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் சொல்லும் செய்தி இது: குறும்பர்களும் இருளர்களும் சில ஊர்களில் தங்களில் ஒருவர் இறந்தால், ஆற்றில் உருண்டு வழுவழுப்பான நீளக் கல் ஒன்றைக் கொண்டுவந்து பழைய கல்திட்டை ஒன்றுக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு சாவுக்கு ஒரு கல். திட்டைகளில் இப்படிக் கற்கள் குவிந்து கிடந்தன.

வெளியிலிருந்து வந்தவர்கள் அழிந்து போன இனத்தின் வீடு என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த வீட்டுக்குள் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ கல் வைத்துவிட்டு ஒரு குடும்பம் திரும்பிப் போயிருக்கிறது. கட்டியவர்களின் பெயர் மறந்திருக்கலாம். இது செத்தவர்களுக்கான இடம் என்ற அறிவு மறக்கவில்லை. குள்ளர் கதை தவறவிட்டதை இவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதே என் எண்ணம். கதை எதுவும் சொல்லாமல், செய்து காப்பாற்றினார்கள்.

கதையால் வரும் சேதம்

முழ உயர மாய மனிதர்கள் என்றால் மாயப் புதையலும் கூடவே வந்துவிடுகிறது. குள்ளர் பொன் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் மூடுகல்லைப் புரட்டி, உள்ளே தோண்டி, ஒன்றும் இல்லை என்று பானையை உடைத்துப் போட்டுப் போவது பல தலைமுறையாக நடக்கிறது. இரும்புத் துண்டும், ஓடும், பொடிந்த எலும்பும்தான் அங்கே இருக்கும். அவை வரிசை கலையாமல் இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. எந்தப் பானைக்குப் பக்கத்தில் எந்த எலும்பு என்பது கலைந்த பிறகு அந்த அறை வாயடைத்துப் போகிறது. பொருந்தலில் அந்தச் சாடியைப் புதையல் தேடும் ஒருவர் முதலில் எடுத்திருந்தால், நெல்லைக் கொட்டிவிட்டுச் சாடியை உடைத்திருப்பார். 2500 ஆண்டு என்று சொல்ல நமக்கு ஒரு மணிகூட மிஞ்சியிருக்காது.

குகை என்று பெயர் வைப்பதும் ஒரு சேதம்தான். குகை என்றால் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும், கல்மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டும், சுவரில் பெயர் கிறுக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. கல்லறை என்று தெரிந்தால் பெரும்பாலோர் செருப்பைக் கழற்றாவிட்டாலும் காலை அங்கே வைக்கமாட்டார்கள். நம் ஆட்களின் அந்தக் கூச்சத்தை நான் நம்புகிறேன். ஆகவே அங்கே வைக்கும் பலகையில் குள்ளர் கதையும் இருக்கட்டும், ஆனால் முதல் வரியில் இது ஈமச் சின்னம், நம்மைப் போன்ற மனிதர்களின் எலும்பு வைத்த இடம் என்று இருக்க வேண்டும். வண்டி ஓட்டி அழைத்துப் போகிறவர்களும் வழிகாட்டிகளும் அதையே முதலில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அவர்களுக்குக் கதை சொல்லத் தெரியும். உண்மையில் இருக்கிற கதையும் சுவாரசியத்தில் குறைந்ததில்லை.

காபித் தோட்டத்திலோ வாழைக்குக் குழி எடுக்கும்போதோ பலகைக் கல்லோ, கறுப்பும் சிவப்புமான பானை ஓடோ, சிவந்த சூதுபவள மணியோ தட்டுப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, இருந்தது இருந்தபடி படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் வழியாகத் தொல்லியல் துறைக்குச் செய்தி போகும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. மணியை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதைவிட, எந்தப் பானைக்குள் எந்தப் பக்கம் அது கிடந்தது என்று சொல்லிக் கொடுப்பது ஆயிரம் மடங்கு பெரிய உதவி.